தனியாக வந்த பெட்டி

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. ராணுவப் பயிற்சி முகாமில் உங்கள் மகளுக்குக் கீழ்க்கட்டில், என் மகளுக்கு மேல்கட்டில். போன வாரம் அவள் எழுதிய கடிதத்தில் உங்கள் மகளைப் பற்றி ஒரு பக்கமும் எங்களைப் பற்றி இரண்டு வரியும் இருந்தன. உங்கள் மகளை அங்கே 'பூனை' என்று கூப்பிடுகிறார்களாம், நடந்தால் சத்தமே கேட்காதாம். என் மகள் 'வக்கீல்'. ஏன் என்று நான் கேட்கவில்லை, பெற்றவளுக்குத் தெரியாதா. போர்வையைச் சுருக்கமில்லாமல் விரிக்க உங்கள் மகள்தான் இவளுக்குக் கற்றுக் கொடுக்கிறாளாம். வீட்டில் எழுந்த படுக்கையை எழுந்தபடியே விட்டுவிட்டுப் போகிறவள் இவள். அதற்கு நன்றி சொல்லலாம் என்றுதான் முகவரியைக் கேட்டு வாங்கினேன்.

ஆனால் நன்றி சொல்ல மட்டும் எழுதவில்லை. எனக்கு இங்கே கேட்க ஆளில்லை.

எங்கள் ஊர் துறைமுக நகரம். நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கடை கீழே, வீடு மேலே. இந்தத் தெருவிலிருந்து இதுவரை யாரும் படைக்குப் போனதில்லை. அடுத்த தெருவிலும் இல்லை, விசாரித்துவிட்டேன். கப்பலுக்குப் போயிருக்கிறார்கள், வெளிநாட்டுக்குப் போயிருக்கிறார்கள், ஒருவன் சர்க்கஸுக்குக்கூடப் போயிருக்கிறான். என் மகள் சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்ல ஏதாவது சண்டையா?" என்று கேட்டாள்.

சண்டை இல்லை. ஆனால் வீட்டில் பேச்சும் இல்லை. என் கணவர் அச்சகம் வைத்திருக்கிறார். எல்லையிலிருந்து படையைத் திரும்பக் கூப்பிடு என்று சொல்லும் கட்சிக்கு அவர்தான் போஸ்டர் அடிக்கிறார். 'பிள்ளைகளைப் போருக்கு அனுப்பாதே' என்று ஆள் உயர எழுத்தில் அடித்த கையோடு வீட்டுக்கு வந்தால், பெண் சேர்ந்துவிட்டேன் என்று சாப்பாட்டு மேசையில் சொல்கிறாள். அன்றைக்கு எழுந்து போனவர் இன்னும் சரியாக வந்து உட்காரவில்லை.

உங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் போகிறார்கள் என்று மகள் எழுதியிருக்கிறாள். அதனால் உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அங்கே அடிப்பார்களா? என்ன அனுப்பலாம்? வாரம் ஒரு கடிதம் போட்டால் அதிகமா? போனில் கேட்கலாம், ஆனால் போனில் எனக்கு அழுகை முந்திக்கொள்ளும். கடிதமென்றால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதலாம். இது நான்காவது தாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். அதற்கு உங்களிடம் வழி கேட்பது சரியா தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
வக்கீலின் அம்மா


பிப்ரவரி 17

வக்கீலின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் கேட்டதற்கு வரிசையாகப் பதில் சொல்லிவிடுகிறேன், பிறகு பேசலாம்.

அடிக்க மாட்டார்கள். திட்டுவார்கள். திட்டுவதில் அம்மாவையும் இழுப்பார்கள், நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். தின்பண்டம் அனுப்பாதீர்கள், அது முகாம் அலுவலகத்திலேயே நின்றுவிடும், அங்கே இருப்பவர்கள் நன்றாகக் கொழுத்திருக்கிறார்கள். கெட்டியான காலுறை அனுப்புங்கள், காலுக்குப் போடும் பவுடர் அனுப்புங்கள். வாரம் ஒரு கடிதம் சரி. அதில் அழாதீர்கள். வீட்டில் குழாய் ஒழுகுகிறது, பூனை குட்டி போட்டது என்று எழுதுங்கள். நான் சொன்னது நிஜப் பூனை. இரண்டாவது மாதம் 'இங்கே இருக்க முடியவில்லை' என்று ஒரு கடிதம் வரும். எல்லார் வீட்டுக்கும் வரும். அதற்குப் பதில் போடக் கூடாது. அடுத்த கடிதத்தில் சரியாகிவிடும்.

என் வீட்டில் இது மூன்றாவது. பெரியவன் போனான், நடுவிலுள்ளவன் போனான், இப்போது சின்னவள். வீட்டுக்காரரும் படையில் இருந்தவர்தான். முட்டி போனதும் வந்துவிட்டார், கடையில் உட்கார்ந்து ஆணி அடிக்கிறார். எங்கள் தொழில் தகரப்பெட்டி செய்வது. இந்த ஊரிலிருந்து போகிற எல்லாரும் எங்கள் பெட்டியோடுதான் போவார்கள். பச்சைப் பெயின்ட் அடித்து, மேலே வெள்ளையில் பெயர் எழுதுவேன். மூடியின் உள்பக்கம் அந்த வீட்டிலிருந்து முன்னால் போனவர்களின் பெயர்களையும் சின்னதாக எழுதுவேன். சில பெட்டிகளில் மூடி போதாமல் பக்கவாட்டில் இறங்கியிருக்கிறேன்.

உங்கள் மகள் சூட்கேஸ் எடுத்துக்கொண்டு போனாளாம், சக்கரம் வைத்தது. சின்னவள் எழுதியிருந்தாள். முகாம் முழுக்கச் சிரித்திருப்பார்கள்.

ஏப்ரல் கடைசியில் உறுதிமொழி நாள். அன்றைக்குக் குடும்பத்தார் போய்ப் பிள்ளையின் இடது தோளில் சின்னத்தைக் குத்திவிட வேண்டும். யாரும் வராவிட்டால் வேறு யாராவது ஒரு அம்மா குத்துவாள், ஆனால் அது பார்க்கச் சகிக்காது. நீங்கள் கட்டாயம் வர வேண்டும். என் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

மகள் திரும்பி வர வழி கேட்டிருக்கிறீர்கள். லீவு கிடைத்தால் வருவாள். வேறு வழி எனக்குத் தெரியாது.

பூனையின் அம்மா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாமா? மூன்று பிள்ளைகளை அனுப்பிய கைக்கு அம்மா என்று எழுதினால் எனக்கு வயது குறைந்த மாதிரி இருக்கிறது, மேடம் என்று எழுதினால் வங்கிக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது.

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்து இரண்டு தடவை படித்தேன். காலுறை அனுப்பிவிட்டேன். குழாய் ஒழுகுகிறது என்றும் எழுதினேன். நிஜமாகவே ஒழுகுகிறது.

இங்கே ஒரு காரியம் செய்தேன். எங்கள் ஊரிலும் ஆள்சேர்ப்பு அலுவலகம் ஒன்று இருக்கிறது, மீன் ஏற்றும் துறைக்குப் போகிற வழியில். அதன் ஷட்டரில் என் கணவர் அடித்த போஸ்டரே ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு அதிகாரி தனியாக உட்கார்ந்து குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தார். என் மகளை எப்படிச் சேர்க்கலாம் என்று கத்தத்தான் போனேன். அவரோ ஆள் வந்த சந்தோஷத்தில் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், டீ வரவழைத்தார். அதற்கு மேல் எப்படிக் கத்துவது? போன வருடம் முழுக்க உள்ளே வந்தவர்களில் பாதிப் பேர் வழி கேட்க வந்தவர்களாம்.

அவர் ஒரு விஷயம் சொன்னார். உறுதிமொழி எடுக்கும் நாள் வரை யாரும் கட்டுப்பட்டவர்கள் இல்லையாம். வேண்டாம் என்று தோன்றினால் பூட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாமாம். காரணம்கூடக் கேட்க மாட்டார்களாம். தண்டனை இல்லை, வழக்கு இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் கேட்ட வழி இதுதான், நீங்கள் ஏன் சொல்லவில்லை? உங்கள் ஊரில் எத்தனையோ பேர் அப்படித் திரும்பி வந்திருப்பார்களே. அவர்களின் அம்மாக்கள் பிள்ளையிடம் அதை எப்படிச் சொன்னார்கள்? இவள் வக்கீல் ஆயிற்றே, நேராகச் சொன்னால் எதிர்வாதம் செய்வாள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், தப்பாக நினைக்கக் கூடாது. என் கணவர் சொல்கிறார், உங்கள் பக்கம் மழையும் இல்லை, மில்லும் இல்லை, வேறு பிழைப்பில்லாமல்தான் பிள்ளைகளை அனுப்புகிறார்கள் என்று. வறுமைதான் வரிசையில் நிற்கிறது என்று ஒரு போஸ்டரே அடித்திருக்கிறார். அது நிஜமா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
தங்கச்சி


மார்ச் 19

வக்கீலின் அம்மாவுக்கு,

உங்களுக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உங்கள் கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன். எழுதாவிட்டால் உங்கள் வீட்டுக்காரர் சொன்னது சரி என்றாகிவிடுமே என்று இப்போது எழுதுகிறேன்.

எங்கள் கடையில் மூன்று ஆட்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். மாடி கட்டியிருக்கிறோம். இந்தத் தெருவில் அரிசி மண்டிக்காரர் மகன் போனான், டாக்டர் மகன் போயிருக்கிறான், படித்து டாக்டராகவே போயிருக்கலாம், சிப்பாயாகப் போனான். நாங்கள் சோற்றுக்கு வழியில்லாமல் அனுப்பவில்லை. உங்கள் ஊரில் சோற்றுக்கு வழியில்லாதவர்களே இல்லையா? அவர்கள் ஏன் அந்த அதிகாரிக்கு எதிரில் போய் உட்காரவில்லை? உங்கள் வீட்டுக்காரரை அதற்கு ஒரு போஸ்டர் அடிக்கச் சொல்லுங்கள்.

இங்கே எப்போதும் ஆளும் கட்சிதான் ஜெயிக்கும். சட்டமன்ற உறுப்பினர் தேர்தலுக்குத் தேர்தல் என் கடைக்கு வந்து பெட்டிமேல் கையை வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார். அவர் மகன் எங்கே படிக்கிறான் என்று கேட்டுவிடாதீர்கள், உங்கள் ஊரில்தான் படிக்கிறான்.

இதோடு முடித்திருப்பேன். அந்தப் பூட்ஸ் விஷயம்தான் விடவில்லை. நகரத்துக்காரர்கள் எதையாவது கிளப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். என் கொழுந்தன் இந்த ஊர் ஆள்சேர்ப்பு அலுவலகத்தில்தான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவனிடம் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. தண்ணீர் குடித்தான். "ஆமா அண்ணி, உண்டு"ன்னான்.

எத்தனை நாளாக உண்டு என்று கேட்டேன். அவன் வேலைக்குச் சேருவதற்கு முன்னாலிருந்தே உண்டாம். ஏன் ஒரு பிள்ளையிடமும் சொல்லவில்லை என்றால், "யாரும் கேக்கலையே அண்ணி. கேட்டா சொல்லியிருப்பேன்" என்கிறான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. நிஜமாகவே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் ஆணி அடிப்பதை நிறுத்தாமலே, தன்னுடைய காலத்தில் ஒருவன் அப்படிப் போகலாம் என்று சொன்னதாகவும், முகாமே அவனைப் பார்த்துச் சிரித்ததாகவும் சொன்னார். அவன் போனானா என்றேன். "இல்ல, நாங்க சிரிச்சிட்டமே" என்றார்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: எங்கள் ஊரில் அப்படி யாரும் திரும்பி வந்ததில்லை. ஒருவர்கூட. அதனால் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது.

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் ஊரில் பதினெட்டு முடிந்த பிள்ளைகள் என்ன செய்யும்? யார் முடிவு செய்வார்கள்?

பூனையின் அம்மா


ஏப்ரல் 1

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டியதற்கு நன்றி. இரண்டு வாரம் தபால்காரரைப் பார்த்தாலே மாடிக்கு ஓடிக்கொண்டிருந்தேன். வறுமை பற்றிக் கேட்டது என் தப்பு. அந்தப் பத்தியை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். அரிசி மண்டிக்காரர் மகன் வரைக்கும் கேட்டார், அப்புறம் இயந்திரத்துக்கு எண்ணெய் போட வேண்டும் என்று போய்விட்டார். அந்தப் போஸ்டர் மறுபடி அச்சாகவில்லை, அது மட்டும் எனக்குத் தெரியும்.

நீங்கள் கேட்டதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை, அதனால் விசாரித்தேன். கண் பரிசோதிக்க வருகிறவர்கள் என் எதிரில் தாடையை ஊன்றிக்கொண்டு அசையாமல்தான் உட்கார்ந்திருக்க வேண்டும், ஓடிப்போக முடியாது. எழுத்துப் பலகையைப் படிக்க வைத்துவிட்டு, "நீங்க ஏன் படைல சேரலை?" என்று கேட்டுவிடுவேன். ஒரு பையன் கண் சரியில்லை என்றான். அப்போதுதான் அவன் கடைசி வரி வரைக்கும் தப்பில்லாமல் படித்திருந்தான். ஒரு வங்கிக்காரர் கொள்கை ரீதியாக எதிர்ப்பு என்றார், எந்தக் கொள்கை என்று கேட்டதும் கண்ணாடியின் விலையைக் கேட்டார். மற்றவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி விழித்தார்கள். "அதப் பத்தி யோசிச்சதே இல்லயே" என்றார்கள்.

நீங்களும் பெட்டி வாங்க வருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்களேன், ஏன் போகிறாய் என்று. என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது.

நான் மகளுக்குப் பூட்ஸ் விஷயத்தை நேராகவே எழுதிவிட்டேன். நாள் நெருங்குகிறது, சுற்றி வளைக்கத் தைரியம் இல்லை. பதில் வந்துவிட்டது. அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம், சேரும்போதே விதிகளை முழுக்கப் படித்துவிட்டாளாம். தினமும் காலையில் பூட்ஸ் கட்டும்போது இன்றைக்குப் போகலாமா என்று தன்னையே கேட்டுக்கொள்வாளாம். 'தினமும் இல்லை என்றுதான் பதில் வருகிறது அம்மா, அதனால்தான் இருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறாள். கடையை அரை நாள் மூடிவிட்டேன்.

அக்கா, இதற்கு மேல் எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். அதே கடிதத்தில் உங்கள் மகளைப் பற்றியும் இருக்கிறது. பூனை தூங்குவதில்லையாம். கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டே படுத்திருப்பாளாம், மேல்கட்டிலுக்கு நடுக்கம் தெரியுமாம். ஓட்டத்தில், சுடுவதில், எல்லாவற்றிலும் அவள்தான் முதலாம். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இவள் பூட்ஸ் விஷயத்தை அவளிடம் சொன்னதற்கு, "அது உங்க ஊருக்கு" என்றாளாம்.

நீங்கள் இரண்டாவது மாதக் கடிதத்துக்குப் பதில் போடக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு அவளிடமிருந்து அப்படி ஒன்று வந்ததா என்று கேட்கத்தான் இவ்வளவும்.

உங்கள் தங்கச்சி


ஏப்ரல் 9

தங்கச்சிக்கு,

வந்தது. பதில் போடவில்லை.

பெட்டி வாங்க வந்தவர்களிடம் நீங்கள் சொன்னபடி கேட்டேன். பேந்தப் பேந்த விழித்தார்கள். ஒருவன், "பெட்டி வாங்கத்தான் வந்தேன்"னான். அவன் அம்மா கூடவே நின்றாள், என்னை ஒரு மாதிரி பார்த்தாள். யாரும் யோசித்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். உங்கள் ஊரில் போகாமல் இருப்பதற்கு யோசிக்கவில்லை, எங்கள் ஊரில் போவதற்கு யோசிக்கவில்லை. இதில் யார் கெட்டிக்காரர் என்று சண்டை வேறு போடுகிறோம்.

இங்கே ஒரு பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தால் வாசலில் பெட்டி வந்து இறங்கும். அவ்வளவுதான் முடிவு. பெண்களையும் எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்த வருடம் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? சின்னவளின் பெட்டிக்கு இரண்டு கை பெயின்ட் அடித்தேன். உள்மூடியில் அவள் அப்பா பெயர், அண்ணன்கள் பெயர் எழுதிவிட்டு அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஈரமா இருக்கும்மா" என்றாள். பெயின்டைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று அவளுக்கு எழுதினேன். எத்தனையோ தாள் கிழித்தேன், உங்களிடமிருந்து தொற்றிய வியாதி. கடைசியில் எழுதியது இதுதான்: உனக்கு இருக்க இஷ்டமா இல்லையா, அம்மா கேட்கிறேன். அந்த விதி நம் ஊருக்கும் சேர்த்துத்தான், சித்தப்பாவிடம் கேட்டுவிட்டேன்.

தபால் போய்ச் சேர்ந்துவிடும். அவள் என்ன சொல்வாள் என்று தெரியவில்லை. எனக்கு என்ன பதில் வேண்டும் என்பதும் தெரியவில்லை, அதுதான் வேடிக்கை. அவள் வந்துவிட்டால் இந்தத் தெருவில் நான் எப்படி நடப்பேன்? வராவிட்டால் அந்தக் கட்டில் கம்பியை எப்படி மறப்பேன்?

நான் உறுதிமொழி நாளுக்கு வருவேனோ மாட்டேனோ. நீங்கள் போய்விடுங்கள். உங்கள் மகளின் பதில் தெளிவாக இருக்கிறது, நீங்கள் போகாமல் இருந்தால் அது வீம்பு. சின்னத்தை இடது தோளில் மேலிருந்து கீழாகக் குத்த வேண்டும். சட்டைக்கு உள்பக்கம் உங்கள் கட்டைவிரலை வைத்துக்கொள்ளுங்கள், ஊசி உங்கள் விரலில் பட வேண்டும், அவள் தோளில் படக் கூடாது. துணி கெட்டியாக இருக்கும், தயங்காமல் அழுத்துங்கள்.

அக்கா


ஏப்ரல் 25

அன்புள்ள அக்காவுக்கு,

முகாமிலிருந்து வந்த கையோடு எழுதுகிறேன், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கயிறு கட்டிய இடத்தில் எல்லாக் குடும்பங்களும் நின்றன. உங்களைத் தேடினேன். பார்த்ததில்லை என்றாலும் அதட்டலான குரலோடு ஒருவர் இருப்பார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். என் மகள் வரிசையில் வந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி இருந்தது, அதை யாரும் மூடவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பூனை முந்தின நாள் காலையில் போனாளாம். போர்வையைச் சுருக்கமில்லாமல் விரித்துவிட்டு, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாளாம். அதற்கு முந்தின ராத்திரி நன்றாகத் தூங்கினாளா என்று மகளிடம் கேட்டேன். குறட்டை விட்டாளாம். மேல்கட்டிலில் இவளால் தூங்க முடியவில்லையாம்.

சின்னத்தைக் குத்திவிட்டேன். மேலிருந்து கீழாக. கட்டைவிரலில் நன்றாக இறங்கியது, ரத்தம் வந்தது, அவள் தோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் நின்ற அம்மா என் விரலைப் பார்த்து, "மொதல் பிள்ளையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கைக்குட்டையைக் கொடுத்தாள். உங்கள் பக்கத்துப் பேச்சுதான், அங்கே நின்ற எல்லாரும் உங்கள் பக்கத்து ஆட்கள்தான். துறைமுக நகரத்திலிருந்து வந்தவள் நான் ஒருத்தி.

ஒருத்தி என்பது தப்பு. என் கணவரும் வந்தார். ரயிலில் வேறு பெட்டியில் ஏறி வந்திருக்கிறார். முகாம் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை, வெளியே கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள்தான் முதலில் பார்த்தாள். அணிவகுப்பில் தலையைத் திருப்பக் கூடாதாம், கண்ணை மட்டும் திருப்பினாள். திரும்பி வரும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வீடு வரும்வரைக்கும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கை வலிக்குதா?"

எனக்கு வேண்டியது கிடைக்கவில்லை அக்கா. நான் அவளை அழைத்துக்கொண்டு வரத்தான் உங்களுக்கு முதல் கடிதம் எழுதினேன். அழவும் செய்கிறேன். ஆனாலும் வரிசையில் நின்ற அத்தனை பேரிலும், போகலாமா என்று தினமும் கேட்டுக்கொண்டு நின்றவள் இவள் ஒருத்தியோ என்னவோ. அதை நினைத்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்கிறேன்.

பூனை வந்து சேர்ந்தாளா? தெருவில் என்ன சொன்னார்கள்? என்னால்தான் இது நடந்தது என்றால் நன்றாகத் திட்டி எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி


மே 6

தங்கச்சிக்கு,

இனிமேல் உன்னை நீ என்றுதான் எழுதப் போகிறேன். நடந்ததைக் கேள்.

அவள் வருகிறாள் என்று எனக்கு முன்கூட்டியே கடிதம் வந்துவிட்டது. ஆனால் பெட்டி அவளுக்கு முன்னால் வந்தது. முகாம்காரர்கள் சாமானை லாரியில் போட்டு அனுப்பிவிட்டார்கள், ஆளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பச்சைப் பெட்டி லாரியிலிருந்து இறங்கி, ஆள் இல்லாமல், என் வாசலில் உட்கார்ந்தது. இந்தத் தெருவில் பெட்டி தனியாக வந்தால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. லாரி திரும்பிப் போகும் முன்பே எதிர்வீட்டுக்காரர் இரண்டு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டார்.

"அவ நல்லா இருக்கா, நாளைக்கு பஸ்ல வருவா" என்று நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஒருத்தி என்னை அணைத்துக்கொண்டு, "ஆமா, வருவா வருவா" என்றாள். எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் சத்தம் போடப் போட இன்னும் நாற்காலி வந்தது. கொழுந்தன் வந்து, அவள் பூட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், நானே போன் போட்டுக் கேட்டேன் என்றான். அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாதே, அவனும் துக்கத்தில் உளறுகிறான் என்றார்கள். சாயங்காலம் சட்டமன்ற உறுப்பினர் மலர்வளையம் அனுப்பிவைத்தார். அதில் சின்னவளின் பெயரையே தப்பாக எழுதியிருந்தார்கள்.

தெரு முழுக்க ஜனம் உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தால் யாருக்கும் மனம் ஆடும். இருட்டுகிற நேரத்துக்கு நானும் அவள் கடிதத்தை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். கடிதம் எழுதிய பிறகு ஏதாவது ஆகியிருந்தால்? வீட்டுக்காரர் பெட்டியைத் திறக்கவே விடவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் இறங்கினாள். தெருமுனையிலிருந்து நாற்காலிகளுக்கு நடுவில் நடந்து வந்தாள், சத்தமே இல்லாமல். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சிலர் எழுந்து நின்றார்கள். அரிசி மண்டிக்காரர் மனைவி மட்டும் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய மகனின் பெட்டி வந்தபோதும் இதே மாதிரிதான் நாற்காலி போட்டோம், மறுநாள் பஸ்ஸில் யாரும் வரவில்லை. தொட்ட கையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த முகத்துக்கு முன்னால் எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது, இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

அப்புறம்தான் உண்மையான பேச்சு ஆரம்பித்தது. செத்திருந்தால் பெருமை, வந்துவிட்டாள் என்றால் அவமானம், அந்த மாதிரிப் பேச்சு. எதிர்வீட்டுக்காரர் இப்போது என்னைப் பார்த்தால் வானத்தைப் பார்க்கிறார். பெட்டிக்கு ஆர்டர் கொடுத்திருந்த ஒருவர் பக்கத்து ஊரில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்காரர் அடித்த ஆணி ஒன்றும் நேராக இறங்கவில்லை.

சின்னவள் பகலில்கூடத் தூங்குகிறாள். அவளுக்கு உன் ஊரைப் பார்க்க ஆசை. உன் மகள் கடலைப் பற்றிச் சொல்லிச் சொல்லி ஏற்றிவிட்டிருக்கிறாள். கண்ணாடிக் கடையில் வேலை கற்றுக்கொள்ளட்டுமா? படுக்கையைச் சுருக்கமில்லாமல் விரிப்பாள், அந்த விஷயத்தில் உனக்கு நஷ்டமில்லை. நான் அவளைக் கேட்டுவிட்டுத்தான் உன்னைக் கேட்கிறேன்.

இதைக் கேள். போன வாரம் பின்வாசலைத் தட்டிக்கொண்டு ஒருத்தி வந்தாள். சர்க்கரை வேண்டும் என்றாள். கொடுத்தேன், போகவில்லை. "அது நிஜமாவே இருக்கா, அந்தத் திருப்பிக் குடுக்குறது?" என்று கேட்டாள். அவள் மகன் இப்போது முகாமில் இருக்கிறான். மறுநாள் இன்னொருத்தி வந்தாள், அவளும் பின்வாசல் வழியாகத்தான். முந்தாநாள் வந்தது யார் தெரியுமா, எதிர்வீட்டுக்காரரின் மனைவி. நான் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். வாசல் பக்கமாகவே வந்து கேட்கலாம் என்றும் சொன்னேன், அதற்கு இன்னும் நாளாகும்.

முதலில் வந்தவளை அனுப்பிவிட்டு உட்கார்ந்தபோதே எனக்கு என் மகன்கள் இரண்டு பேரும் ஞாபகம் வந்தார்கள். பெரியவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நீ போகும்போது உனக்குப் போக இஷ்டம் இருந்ததா என்று கேட்டேன். வழக்கமாக நீளமாக எழுதுவான். சாப்பாடு, குளிர், கூட இருப்பவர்களின் கேலி எல்லாம் இருக்கும். இந்த முறை ஒரே வரிதான் வந்தது. "இப்ப எதுக்கும்மா கேக்குற?"

அவன் குரலை நினைத்து நினைத்துப் படித்துப் பார்க்கிறேன். கோபமாகக் கேட்டானா, சும்மா கேட்டானா, பிடிபடவில்லை. அடுத்த மாதம் லீவில் வருகிறான். பெட்டியை இறக்கி வைத்ததும் அவனை உட்கார வைத்து, நானும் எதிரில் உட்கார்ந்து, மறுபடி கேட்கப் போகிறேன். எதிர்வீட்டு நாற்காலி இரண்டும் என் வாசலில்தான் கிடக்கின்றன, இன்னும் யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

அக்கா